நூறு மீட்டர் வேகம் அமெரிக்கக் கால்பந்துக்குப் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பயாண்டா வலாஸா, ஷான் மஸ்வாங்கன்யி, பிராட்லி என்கோவானா, அகானி சிம்பினே நால்வரும் 4x100 மீட்டர் தொடரோட்டத்தை 37.57 வினாடியில் முடித்து வெள்ளி வாங்கியதிலிருந்து, டர்பன் வட்டாரப் பள்ளி மைதானங்களில் ஒரு பேச்சு ஓயவே இல்லை. "இப்படி ஓடுகிற பையனை அமெரிக்கக் கால்பந்துக்கு அனுப்பினால் கோடி கோடியாகக் கொடுப்பார்களே?" என்று சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பெற்றோர் கேட்கிறார்கள். உங்கள் விளையாட்டுப் பக்கத்திலும் அந்தக் கேள்வி எழுந்தது. அதற்கு ஒரு வரியில் பதில் சொன்னால் பிள்ளைகளுக்குப் பயன்படாது. கடிதம் நீண்டாலும் முழுவதையும் வெளியிட வேண்டுகிறோம்.

எங்கள் முடிவு இதுதான். குறுந்தூர ஓட்டக்காரர்கள் அந்த ஆட்டத்தில் வென்றிருக்கிறார்கள், இனியும் வெல்ல முடியும். ஆனால் வென்றவர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால், ஏறக்குறைய எல்லோரும் பள்ளி நாளிலிருந்தே பந்தைப் பிடித்து, அடி வாங்கி, அடி கொடுத்து வளர்ந்தவர்கள். ஓட்டத்தை மட்டும் கற்றுவிட்டு இருபது வயதுக்குமேல் தலைக்கவசம் மாட்டியவர்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு பருவத்தில் வெளியேறிவிட்டார்கள்.

அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக் சாம்பியன்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 டோக்கியோவில் நூறு மீட்டர் தங்கம் வென்ற பாப் ஹேய்ஸ், ஃப்ளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தவர். டாலஸ் கௌபாய்ஸ் அணியில் 1965இல் முதல் பருவம்: 46 பந்துகள் பிடித்தார், அவற்றால் 1,003 கெஜம் முன்னேறினார், 12 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் சேர்ப்பது). ஒலிம்பிக் தங்கமும், சூப்பர் பௌல் எனப்படும் லீக் இறுதியாட்டத்தை வென்ற மோதிரமும் இரண்டும் உள்ள ஒரே மனிதர் அவர்தான். ஒருவருக்கு ஒருவர் என்று காவல் போட்டால் அவரைப் பிடிக்க ஆளில்லை. மைதானத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காக்கும் முறையை எதிரணிகள் வளர்த்தெடுக்க அவர் ஒரு முக்கியக் காரணம் என்று அந்த ஆட்டத்தின் வரலாறு சொல்கிறது. 1968 மெக்சிகோவில் தங்கம் வென்ற ஜிம் ஹைன்ஸ், 9.95 வினாடியில் ஓடியவர். ஹேய்ஸைவிட வேகமான நேரம். மயாமி டால்ஃபின்ஸ் அவரை எடுத்தது. 1969 பருவம் முழுவதிலும் அவர் பிடித்த பந்துகள் இரண்டு. கன்சாஸ் சிட்டிக்குப் போய் ஓர் ஆட்டம் ஆடினார், அத்தோடு சரி. ஓட்டத்தில் ஹைன்ஸுக்குக் குறை ஒன்றுமில்லை. கை பழகவில்லை, நிற்கவும் திரும்பவும் கால் பழகவில்லை.

வேகத்தை அளப்பதிலேயே குழப்பம் தொடங்குகிறது. அங்கே அளவுகோல் 40 கெஜம், அதாவது 36.58 மீட்டர். தடகளத்தில் துப்பாக்கி வெடித்த கணத்திலிருந்து கடிகாரம் ஓடும். ஓட்டக்காரர் அசைய ஆரம்பிக்கவே சுமார் 0.14 வினாடி ஆகும், அதுவும் நேரத்தில் சேரும். கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் சோதித்துப் பார்க்கும் அமெரிக்கக் கால்பந்துத் தேர்வு முகாமில் அப்படியில்லை. வீரர் தன் விருப்பப்படி கிளம்பலாம். அவர் அசைந்ததைப் பார்த்து ஒருவர் பொத்தானை அழுத்துவார், முடிவை மட்டும் மின்கருவி எடுக்கும். ஆகவே இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது. 2009 பெர்லினில் 9.58 ஓடிய உசைன் போல்ட் 30 மீட்டரை 3.78இலும் 40 மீட்டரை 4.64இலும் கடந்தார். இடையில் கணக்கிட்டு, துப்பாக்கிக்குப் பிறகு அவர் எடுத்துக்கொண்ட 0.146 வினாடியையும் கழித்தால் 40 கெஜத்துக்கு ஏறத்தாழ 4.20 வரும். 2019இல் அட்லாண்டாவில் சூப்பர் பௌல் வாரக் கொண்டாட்டத்தில் அவர் சாதாரணக் காலணியோடு ஓடிக்காட்டினார், 4.22 வந்தது. ஓட்டத்தை விட்டு விலகியிருந்த காலத்தில்!

2017இல் அமெரிக்கக் குறுந்தூர ஓட்டக்காரர் கிறிஸ்டியன் கோல்மன் 40 கெஜத்தை 4.12 வினாடியில் ஓடினார். தேர்வு முகாமில் அதுவரை பதிவான எதைவிடவும் குறைவு. அந்த ஆண்டுத் தேர்வு முகாமைத்தான் இந்தக் கேள்வி கேட்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். ஜான் ராஸ் 4.22 ஓடி முகாமின் புதிய சாதனை வைத்தார். அணிகள் சுற்றுச் சுற்றாகப் புதியவர்களைத் தேர்ந்தெடுத்தபோது சின்சினாட்டி அணி அவரை ஒன்பதாவது ஆளாக எடுத்தது. கூப்பர் கப் ஓடியது 4.62, போனார் மூன்றாம் சுற்றில். இருவரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் ராஸ் கோட்டைத் தொடும்போது கப் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் பின்னால் இருப்பார். நான்கு ஆண்டு கழித்து, 2021 பருவத்தில், கப் 145 பந்துகளும் 1,947 கெஜமும் 16 டச்டவுனும் எடுத்து மூன்றிலும் முதலிடம் பிடித்தார், அந்தப் பருவத்துச் சூப்பர் பௌலின் சிறந்த ஆட்டக்காரரும் ஆனார். ராஸ் நிலைக்கவில்லை. ராஸ் ஒன்றும் வெறும் ஓட்டக்காரர் அல்ல, கல்லூரியில் நன்றாகக் கால்பந்து ஆடியவர். அவருக்கே அந்த மூன்றரை மீட்டர் போதவில்லை.

காரணத்தைப் பிரேக்கில் தேட வேண்டும். ஓரத்தில் நின்று பந்து பிடிப்பவரை வைட் ரிசீவர் என்கிறார்கள். அவருடைய வேலையில் நேராக ஓடுவது ஒரு சிறு பங்குதான். பத்துப் பன்னிரண்டு கெஜம் முழுவேகத்தில் போவதுபோல் காட்டி, இரண்டு மூன்று அடியில் நின்று, திரும்பிப் பந்தை எதிர்கொள்ள வேண்டும். வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வருபவர் மூன்று மீட்டருக்குள் நிற்பதற்கு வினாடிக்கு வினாடி 10.7 மீட்டர் என்ற அளவில் வேகத்தைக் குறைக்க வேண்டும். அவர் உடல் எடையைவிடக் கூடுதலான விசை கிடைமட்டமாக அவர் காலில் இறங்கும், அதையும் பெரும்பாலும் ஒற்றைக் காலே தாங்க வேண்டும். நூறு மீட்டர் ஓட்டக்காரருக்கு இந்தப் பாடமே கிடையாது. கோட்டைத் தாண்டி முப்பது நாற்பது மீட்டர் நிதானமாக ஓய்ந்து நிற்பார். அவர் பழகியது நிமிர்ந்த உடல், உயர்ந்த இடுப்பு, நீண்ட அடி. நிற்பதற்கு இடுப்பு தாழ வேண்டும், அடி குறுக வேண்டும், மார்பு முழங்காலுக்கு மேலே இருக்க வேண்டும். ஓட்டக்காரர் இதை அவசரமாகக் கற்கும்போது என்ன செய்வார் என்றால், நிற்கப்போவதற்கு நான்கைந்து அடி முன்னாலேயே நெஞ்சை நிமிர்த்திவிடுவார். எதிரே காவல் காக்கும் கார்னர்பேக் அவருடைய இடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பவர். நெஞ்சு நிமிர்ந்ததுமே புரிந்துகொண்டு முன்னால் பாய்ந்து பந்தைத் தட்டிவிடுவார். பத்து மீட்டரில் ஈட்டிய நன்மை முழுவதும் அந்த ஒரு நிமிர்வில் போய்விடும்.

தயாரில்லாத கால் நிற்கவும் திரும்பவும் முயன்றால் என்ன ஆகும் என்பதை நம் நாடு கண்ணாலேயே பார்த்தது. ரியோவில் 400 மீட்டரை எட்டாவது தடத்திலிருந்து 43.03 வினாடியில் ஓடி உலக சாதனை வைத்த வேய்ட் வான் நீகெர்க், 2017 அக்டோபரில் கேப் டவுன் நியூலண்ட்ஸில் பிரபலங்களின் தொடு ரக்பி ஆட்டம் ஒன்றில் கலந்துகொண்டார். அதில் தடுத்து வீழ்த்துவது கிடையாது. ஆனாலும் வலது முழங்காலின் ஏ.சி.எல். தசைநாரும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பும் கிழிந்தன. அறுவைச் சிகிச்சை, அடுத்த ஆண்டு முழுவதும் ஓட்டம் இல்லை. உலகிலேயே வலுவான கால்களில் ஒன்று அது. நேராகத் தள்ளுவதற்கு வளர்த்த வலு, பக்கவாட்டில் திரும்பும்போது முழங்காலைக் காப்பாற்றும் என்று எண்ணக்கூடாது.

அவருடைய உறவுக்காரரான ரக்பி வீரர் செஸ்லின் கோல்பே இதற்கு நேர் எதிரான எடுத்துக்காட்டு. நூறு மீட்டரில் சிம்பினே அவரை வெகு தூரம் பின்னே விட்டுவிடுவார். ஆனால் 2019 ரக்பி உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் கோல்பே இங்கிலாந்தின் ஓவன் ஃபாரலை ஏமாற்றிய இடத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். வேகத்தைக் குறைக்கிறார், வெளிக்காலை ஊன்றுகிறார், ஒரே அடியில் மறுபடியும் எடுக்கிறார். ஃபாரல் தரையில். 2023 காலிறுதியில் பிரான்ஸின் கன்வெர்ஷன் உதையை ஓடிவந்து தடுத்தாரே, அதுவும் அப்படித்தான். உதைப்பவரின் அசைவைப் படித்துக் கிளம்பிய நேரமும் முதல் பத்து மீட்டரும்தான் அங்கே வேலை செய்தன. தென்னாப்பிரிக்கா 29-28 என்று வென்ற ஆட்டம் அது.

அடுத்தது கை. ரக்பியில் உயரப் பந்தைக் கையால் அணைத்து மார்போடு சேர்த்துப் பிடிக்கப் பழக்குகிறோம், அதுவே சரி. அந்தப் பழக்கத்தோடு அமெரிக்கக் கால்பந்துக்குப் போனால் பந்து மார்புக் கவசத்தில் பட்டுத் தெறிக்கும், எதிராளி அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ரக்பிப் பந்தின் குறுக்குச் சுற்றளவு 58 முதல் 62 சென்டிமீட்டர், அமெரிக்கப் பந்து சுமார் 54 சென்டிமீட்டர்தான். முனை கூர்மை, எடை 400 கிராமை ஒட்டி, சுழன்றுகொண்டே வரும். உடலுக்கு வெளியே, விரல்களால் பிடிக்க வேண்டும். நெஞ்சுக்கு மேலே வந்தால் இரண்டு பெருவிரலும் சேர்ந்து முக்கோணமாக, இடுப்புக்குக் கீழே வந்தால் சுண்டு விரல்கள் சேர்ந்து. தோளுக்கு மேலாகப் பின்னாலிருந்து வருவதுதான் கடினம். ஓட்டக்காரர் அங்கே செய்யும் தவறு, கையைச் சீக்கிரம் நீட்டிவிடுவது. கை வீச்சு நின்றதுமே வேகம் குறையும், பந்து விரலுக்கு அரை மீட்டர் முன்னால் விழும். பந்து கைக்கு எட்டுகிற கடைசிக் கணம்வரை கை ஓட்டத்திலேயே இருக்க வேண்டும். பிடித்த பிறகு இரண்டு பாதமும் கோட்டுக்குள் படவேண்டும் என்பது அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.இன் விதி. கல்லூரி ஆட்டத்தில் ஒரு பாதம் போதும்.

பந்து எப்போது வரும் என்பதும் ஓட்டக்காரர் கையில் இல்லை. பந்தை எறிபவரான குவார்டர்பேக் பெரும்பாலும் இரண்டரை, மூன்று வினாடிக்குள் எறிந்துவிடுவார். ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து காற்றில் இருக்கும். எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து ஓட்டப் பாதையை அந்த நொடியிலேயே மாற்ற வேண்டிய ஆட்டங்களும் உண்டு. குவார்டர்பேக்கும் அதே மாற்றத்தை எதிர்பார்த்துத்தான் எறிவார், ஒருவர் தப்பாகப் படித்தால் பந்து நேரே எதிரணிக்கு. வேகமானவர் ஓர் அடி முன்னதாகப் போய்ச் சேர்ந்தாலும் தவறுதான்.

மோதலைப் பற்றி இங்கே எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் ரக்பி பார்த்த கண்ணோடு பேசுகிறார்கள். ரக்பியில் பந்து வைத்திருப்பவரைத்தான் தடுக்கலாம். அங்கே பந்து கிளம்பிய முதல் ஐந்து கெஜத்துக்குள் கார்னர்பேக் ரிசீவரை இரண்டு கையாலும் மார்பில் குத்தி நிறுத்தலாம், அது விதிக்கு உட்பட்டது. நூறு மீட்டர் ஓட்டத்தின் உயிரே முதல் ஐந்தாறு அடிதான். அந்த அடிகளில் ஒருவர் எதிரே நின்று தள்ளுகிறார் என்றால், துப்பாக்கிச் சத்தத்துக்குப் பழகிய கிளம்பல் அங்கே உதவாது. எதிராளியின் மணிக்கட்டைத் தட்டிவிட்டு, தோளைத் தாழ்த்தி, அவர் பக்கவாட்டில் நழுவிப்போகும் வித்தை வேண்டும். அதற்கு ஆண்டுகள் ஆகும்.

உடல் எடையைக் கூட்டினால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். டி.கே. மெட்காஃப் 40 கெஜத்தை 4.33இல் ஓடிய ரிசீவர், எடை நூறு கிலோவுக்குமேல். 2021 மேயில் தடகளப் போட்டியில் இறங்கி நூறு மீட்டரை 10.37இல் ஓடினார். தன் ஹீட்டில் கடைசி. அந்த உடம்போடு 10.37 என்பது வியப்பான ஓட்டம், அதை நாங்கள் மனதாரப் பாராட்டுகிறோம். ஆனால் அந்த உடம்பு எந்தக் களத்துக்காக வளர்ந்தது என்பதும் அதிலேயே தெரிகிறது. எழுபது சொச்சம் கிலோ உள்ள ஓட்டக்காரர் பத்துக் கிலோ தசை ஏற்றினால் அவருடைய உச்ச வேகம் குறையும். எந்த வேகத்துக்காக அவரை அழைத்தார்களோ அதையே இழப்பார்.

ஓட்டப் பயிற்சியில் ஒரு முழுவேக ஓட்டத்துக்குப் பிறகு ஐந்து, எட்டு நிமிடம் ஓய்வு கொடுக்கிறோம். அங்கே ஒரு முறை பந்தாடி நின்றதும் அடுத்த முறை தொடங்கக் கடிகாரம் தருவது 40 வினாடி. இந்தக் களைப்பில் தொடைப் பின்தசை கிழியும் ஆபத்து கூடும்.

இத்தனைக்கும் நடுவே ஓட்டக்காரருக்கு நியாயமான ஓர் இடம் உண்டு. எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடும் வேலை. முன்னால் இருபது, முப்பது கெஜம் இடம் கிடைக்கும், பாதைகளை மனப்பாடம் செய்ய வேண்டியது குறைவு. மைக்கேல் பேட்ஸ் 1992 பார்சிலோனாவில் 200 மீட்டர் வெண்கலம் வென்றவர். 1996 முதல் 2000 வரை ஐந்து முறை தொடர்ந்து அந்த லீகின் நட்சத்திர ஆட்டமான புரோ பௌலுக்குத் தேர்வானார், முக்கியமாக இந்த வேலைக்காகவே. அவரும் அரிசோனா பல்கலைக்கழகத்தில் கால்பந்து ஆடியவர்தான். காவல் பக்கத்தில் டாரல் கிரீனைச் சொல்ல வேண்டும்: நூறு மீட்டர் 10.08, வாஷிங்டனுக்கு இருபது பருவம். காவலருக்கு வேகம் ஒரு பிழையைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பைத் தருகிறது, அதனால் கார்னர்பேக் இடம் ஓட்டக்காரர்களுக்குப் பொருந்தும் என்பது எங்கள் கருத்து. விதிவிலக்கு என்று ரெனால்டோ நெகமையாவைக் காட்டுவார்கள். 1981இல் 110 மீட்டர் தடையோட்டத்தை முதன்முதலாக 13 வினாடிக்குள், 12.93இல் ஓடியவர். கல்லூரியில் கால்பந்தே ஆடாமல் சான் ஃபிரான்சிஸ்கோ அணிக்குப் போனார். மூன்று பருவத்தில் 43 பந்துகள், 4 டச்டவுன். பிறகு தடகளத்துக்கே திரும்பினார். உலக சாதனையாளருக்கு, மிகச் சிறந்த அணியில், கிடைத்தது அவ்வளவு. டர்பனில் வளர்ந்து அந்த லீகில் இருபதுக்கும் மேற்பட்ட பருவம் நீடித்தவர் ஒருவர் இருக்கிறார், கேரி ஆண்டர்சன். அவர் போனது உதைப்பவராக.

ஆகவே இங்கே பதினான்கு, பதினைந்து வயதில் வேகமாக ஓடும் பிள்ளை இருந்தால் ரக்பியில் ஓரத்தில் ஓடும் விங் இடத்திலோ, ஏழு பேர் ஆடும் செவன்ஸிலோ ஆடவிடுங்கள். ஓட்டம் கெட்டுவிடும் என்று பந்தைப் பிடுங்காதீர்கள். வாரம் இரண்டு நாள், ஓட்டப் பயிற்சிக்கு முன்னால், களைப்பில்லாத காலோடு, நிற்கப் பழக்குங்கள். முதல் மூன்று வாரம் பத்து மீட்டர் முக்கால் வேகத்தில் ஓடி, கூம்பு வைத்துக் குறித்த மூன்று மீட்டருக்குள் நிற்பது, ஆறு முறை போதும். முழங்கால் உள்ளே சரிந்தாலோ குதிகால் மட்டும் ஊன்றினாலோ அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். பிறகு பதினைந்து மீட்டர். ஆறாம் வாரத்துக்குப் பிறகுதான் 45 பாகைத் திருப்பம், அதற்கும் பிறகு 90. முழங்காலிட்டு, ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடலை மெதுவாக முன்னே சாய்க்கும் நார்டிக் பயிற்சி வாரம் இரண்டு முறை, நான்கைந்து எண்ணிக்கையில் இரண்டு செட். முதல் வாரம் தொடை வலிக்கும், எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். கைக்கு டென்னிஸ் பந்து போதும். ஓடிக்கொண்டே, தோளுக்கு மேலாக, ஒவ்வொரு பக்கமும் இருபது.

வாய்ப்பு என்று பார்த்தால், அமெரிக்கப் பல்கலைக்கழகத் தடகள உதவித்தொகைதான் எட்டக்கூடிய வழி. மஸ்வாங்கன்யி ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு ஓடியவர். பிற நாட்டு வீரர்களுக்கு அந்த லீக் 2017 முதல் நடத்தும் தனிப் பயிற்சித் திட்டமும் இருக்கிறது. அதில் போய்ப் பெயர் வாங்கிய ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலிய ரக்பி லீக் ஆடியவர், பெரிய உடம்பு, வேலை குவார்டர்பேக்கைக் காப்பது. வேல்ஸ் ரக்பி விங் லூயி ரீஸ்-ஸாமிட் 2024இல் போனார், வேகத்துக்குப் பெயர் பெற்றவர், 2025இல் ரக்பிக்குத் திரும்பிவிட்டார். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சேரும் கொடிக் கால்பந்து இன்னொரு கதவு. ஐந்து பேர் ஆட்டம், மோதல் இல்லை, இடுப்புக் கொடியைப் பிடுங்கினால் ஆட்டம் நின்றுவிடும். முதல் ஐந்து கெஜத்தில் யாரும் மார்பில் குத்தமாட்டார்கள். பெண்களுக்கும் உண்டு. நம் பெண் ஓட்டக்காரர்களுக்கு இதைப் பற்றி யாரும் சொல்வதே இல்லை என்பது எங்களுக்கு உண்மையான வருத்தம்.

கடைசியாக, ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிப் போட்டி நேரங்களை வெளியிடும்போது கைக்கடிகாரமா, மின்கருவியா என்று குறிப்பிடுங்கள். நூறு மீட்டரில் இரண்டுக்கும் 0.24 வினாடி வேறுபாடு வைப்பது வழக்கம். கையால் எடுத்த 10.5 என்பது மின்கருவியில் 10.74. காற்றின் வேகம் வினாடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் அந்த நேரம் சாதனைக் கணக்கில் சேராது, எங்கள் கடற்கரைக் காற்றில் அது அடிக்கடி தாண்டும். ஜோகனஸ்பர்க், பிரிட்டோரியா போன்ற மேட்டு நில ஊரில் ஓடிய நேரம் என்றால் அதையும் சொல்லுங்கள், அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. முடிந்தால் முதல் முப்பது மீட்டர் நேரத்தையும் போட்டி நடத்துபவர்களிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். அமெரிக்காவிலிருந்து விசாரிப்பவர் முதலில் கேட்பது அதைத்தான்.

இப்படிக்கு,
பள்ளித் தடகளப் பயிற்சியாளர்கள் இருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்